கெல்லியா, கோல்ட்ஸ்மித்தா?

1768 ஜனவரியில் லண்டனில் ஆறே நாள் இடைவெளியில் இரண்டு நகைச்சுவை நாடகங்கள் மேடையேறின. 23ஆம் தேதி ட்ரூரி லேன் அரங்கில் ஹியூ கெல்லியின் 'ஃபால்ஸ் டெலிகசி', 29ஆம் தேதி கோவென்ட் கார்டனில் ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் 'தி குட்-நேச்சர்ட் மேன்'. இருவருமே அயர்லாந்துக்காரர்கள், இருவருமே பத்திரிகைகளுக்கு எழுதி வயிறு வளர்த்தவர்கள். அந்தக் காலத்து எழுத்துப் பிழைப்பு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள யாராவது ஒருவரைப் பிடித்துக்கொண்டு படிக்கலாம் என்று தோன்றியபோது நான் கெல்லியைத்தான் எடுத்தேன், இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கோல்ட்ஸ்மித் பெரிய எழுத்தாளர், அதில் சண்டை இல்லை. சிரிக்க வேண்டுமென்றால் யோசிக்காமல் அவரிடம் போகலாம். அந்த 1768 நாடகத்திலேயே ஒரு காட்சி: கடனுக்காக நாயகன் ஹனிவுட்டைப் பிடித்துப்போக கோர்ட் அமீனாக்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த நேரம் பார்த்து அவன் விரும்பும் பெண் வருகிறாள். வந்தவர்களில் ஒருவனுக்குத் தன் உடுப்பையே மாட்டிவிட்டு, இவர்கள் என் நண்பர்கள் என்கிறான். அப்புறம் அவர்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அதை மூடி மறைக்க அவன் படும் பாடு இருக்கிறதே! முதல் நாள் பார்வையாளர்களோ இது தரக்குறைவு என்று கூச்சல் போட்டு அந்தக் காட்சியையே மேடையிலிருந்து எடுக்க வைத்துவிட்டார்கள்.

கெல்லியின் நாடகம் வேறு தினுசு. லேடி பெட்டி தான் விரும்புகிறவரையே நாசூக்கு கருதி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். அவரோ வேறொரு பெண்ணை எனக்குப் பேசி முடித்துக் கொடுங்கள் என்று அவளிடமே வந்து நிற்கிறார். அந்தப் பெண்ணுக்கு மனதில் இன்னொருவன், ஆனாலும் லேடி பெட்டியிடம் பட்ட நன்றிக்கடனுக்காகச் சரி என்கிறாள். கெல்லியை அழுகாச்சி நாடகக்காரர் என்று ஒதுக்குகிறவர்கள், இந்த நாசூக்கை ஆரம்பம் முதல் கேலி செய்துகொண்டே வரும் மிஸஸ் ஹார்லியையும் சிசிலையும் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டையும் படித்துத்தான் சொல்கிறேன், மேடையில் பார்த்ததில்லை. நல்ல நடிகர்கள் கையில் எது தூக்கி நிற்கும் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தகுதி போதாது.

நாடகத்தை விடுங்கள், ஆளைப் பார்ப்போம். கெல்லியின் அப்பா டப்ளினில் மதுக்கடை நடத்தியவர். மகன் பெண்களின் இடுப்புக் கச்சை தைக்கும் தொழிலைப் பழகி, 1760இல் லண்டனுக்கு வந்து, கொஞ்ச நாள் கச்சை தைத்து, கொஞ்ச நாள் ஒரு வக்கீலிடம் நகலெடுத்து, பிறகு பத்திரிகைக்குள் நுழைந்து 'பப்ளிக் லெட்ஜர்' நாளிதழின் ஆசிரியர் நாற்காலி வரை போனார். 1766இல் 'தெஸ்பிஸ்' என்ற கவிதையில் ட்ரூரி லேன் நடிகர்களைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஆனால் அரங்க முதலாளி டேவிட் கேரிக்கை மட்டும் வானளாவப் புகழ்ந்தார். கெல்லியின் நாடகம் எந்த அரங்கில் ஏறியது என்பதை மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

எனக்குக் கெல்லி பக்கம் தராசைச் சாய்த்தது பணம் வந்த வழி. அன்றைக்கு நாடக ஆசிரியருக்குச் சம்பளம் கிடையாது. மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது இரவு வசூலில் அரங்கச் செலவு போக மிச்சம்தான் அவருக்கு. மூன்றாவது இரவைத் தொடாத நாடகத்தால் மேடையிலிருந்து ஒரு காசு வராது. கோல்ட்ஸ்மித் அந்த மூன்று இரவுகளையும் தாண்டி ஏறக்குறைய 400 பவுண்டு பார்த்தார். கெல்லியின் நாடகம் அதைவிட நன்றாக ஓடியது, புத்தகமாகவும் விற்றுத் தீர்ந்தது. ஆனால் அந்த மனிதர் பிரதமர் லார்ட் நார்த்தின் அரசுக்கு ஆதரவாக எழுதக் கை நீட்டிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தார், ஆண்டுக்கு 200 பவுண்டு. ஊரோ அந்த அரசை எதிர்த்து நின்ற அரசியல்வாதி ஜான் வில்க்ஸ் பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. 1770 மார்ச்சில் அடுத்த நாடகம் 'எ வேர்ட் டு தி வைஸ்' ஏறியதும் வில்க்ஸ் ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டு ஊளையிட்டே அதை இறக்கிவிட்டார்கள். மூன்றாவது இரவு வரவே இல்லை. நாடகத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் அக்கறையில்லை, எழுதிய கை யாருடையது என்பதுதான் பிரச்சினை. கடைசியில் சந்தா பிடித்துப் புத்தகமாகப் போட்டார். 1773இல் 'தி ஸ்கூல் ஃபார் வைவ்ஸ்' நாடகத்தை ஆடிங்டன் என்ற நண்பரின் பெயரில் மேடையேற்ற வேண்டி வந்தது, அது நன்றாகவே ஓடியது.

கோல்ட்ஸ்மித்திடமும் அரசுக்கு எழுதச் சொல்லி ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், அவர் மறுத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அந்த விஷயத்தில் அவர் நேர்மையானவர். ஆனால் 1774இல் சாகும்போது அவருக்கிருந்த கடன் 2,000 பவுண்டுக்குக் குறையாது என்று அவருடைய நண்பர் சாமுவேல் ஜான்சன் எழுதியிருக்கிறார்.

கெல்லி அதே 1774இல் வக்கீலாகி நாடகத்தை மெல்லக் கைவிட்டார், 1777 பிப்ரவரியில் இறந்தார். அந்த மே மாதம் அவர் குடும்பத்துக்குப் பணம் திரட்ட, ஊளையிட்டு இறக்கிய அதே நாடகத்தைக் கோவென்ட் கார்டனில் போட்டார்கள். முன்னுரைக் கவிதை ஜான்சனுடையது. கூட்டம் கடைசி வரை அமைதியாக உட்கார்ந்து பார்த்தது.

ஒரே ஒரு நாடகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கோல்ட்ஸ்மித்தின் 'ஷீ ஸ்டூப்ஸ் டு கான்கர்' எடுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் கெல்லி. 'ஃபால்ஸ் டெலிகசி'யில் ஆரம்பித்து 'தி ஸ்கூல் ஃபார் வைவ்ஸ்' வரை போனால் போதும். அவர் எழுதிய சோக நாடகம் 'கிளெமென்டினா'வை நானே இன்னும் தொடவில்லை, அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.