திரையில்லாத வரைபலகை, கிரித்தா, ஒரு வரைபுத்தகம்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

2020இல் எம்சிஓ (மலேசியாவின் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு) காலத்தில் வாங்கிய வரைபலகை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. திரை இல்லாத வகை. கம்பியால் கணினியோடு இணைத்துவிட்டு, கண்ணைக் கணினித் திரையில் வைத்துக்கொண்டு கையால் மேசையில் வரைய வேண்டும். வரையும் மென்பொருள் கிரித்தா. காசு கொடுக்க வேண்டியதில்லை. இவை போக, ஏ5 அளவில் ஒரு வரைபுத்தகமும் தண்ணீர் பட்டாலும் கரையாத 0.3 பேனாவும் உண்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து, இவற்றை வைத்துப் படம் வரைந்து கொடுத்துத்தான் பிழைப்பு நடக்கிறது. "இன்னுமா அந்தப் பழசை வைத்திருக்கிறாய், திரையிலேயே வரையலாமே" என்று கேட்கிறவர்களுக்கு விளக்கமாக ஒரு பதில் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பலகையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்பது ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும், அப்புறம் மறந்துபோகும். நாள் முழுக்கக் குனிய வேண்டியதில்லை என்பதால் கழுத்துக்கு நல்லது. பலகையின் பேனாவுக்கு மின்கலம் கிடையாது. முனை மட்டும் தேயும், மாற்று முனை மலிவு. காகிதத்தில் வரைவது போன்ற சொரசொரப்புக்காக மேலே ஒரு தாளை ஒட்டிப் பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் முனை வேகமாகத் தேய்ந்ததால் எடுத்துவிட்டேன். இங்கே மாலை ஆனால் இடி மின்னல் வந்துவிடும். மின்சாரம் போனாலும் கணினியைச் சற்று நேரம் தாங்கும் யூபிஎஸ் இல்லாமல் இந்தத் தொழிலுக்கு வராதீர்கள். தானியங்கிச் சேமிப்பையும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துவிடுங்கள்.

கிரித்தாவைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். கிளையண்ட் வேலைக்கு ஒரு மென்பொருள் எவ்வளவு அழகாகக் கோடு போடுகிறது என்பதை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. திருத்தத்தைத் தாங்குகிறதா, அச்சுக்குப் போனால் நிற்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

ஓர் எடுத்துக்காட்டு. ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தையும், 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தையும் பற்றி ஒரு பள்ளிக் கண்காட்சிக்குப் படங்கள் கேட்டார்கள். சுங்கை சிப்புட் அவர் பிறந்த ஊர் என்பதால் இந்த மாதிரி வேலை அவ்வப்போது வரும். முதல் படம், பால்மரம் (ரப்பர் மரம்) சீவும் ஒரு பெண். கணினியைத் தொடுவதற்கு முன்பே வரைபுத்தகத்தில் தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு கட்டம் போட்டுக் கிறுக்கி, கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிவிட்டேன். இது என் வழக்கம். முழுசாக வண்ணம் போட்டு அனுப்பினால் சேலை நிறத்தைப் பற்றி மட்டும் பேசுவார்கள், கிறுக்கலாக அனுப்பினால்தான் படத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், வரைந்து முடித்தேன். அப்போதுதான் குரல்பதிவு வந்தது: "தம்பி, எல்லாம் நல்லாருக்கு. எழுத்து வலப்பக்கம் வருது. படத்த அப்படியே திருப்பிப் போட்டுருங்க, ஒரு நிமிஷ வேலதானே?"

ஒரு நிமிட வேலைதான். ஆனால் திருப்பினால் மரம் கெட்டுவிடும். மரத்துக்கு முன்னால் நின்று பார்த்தால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுகின்றன. அந்தப் பக்கமாக வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபட்டுப் பால், அதைப் பிடிக்கும் கிண்ணமான மங்குக்கு இறங்கும். கண்ணாடி பிம்பமாக்கினால் வெட்டு எதிர்ப்பக்கம் சாயும், கத்தியும் இடக்கைக்குப் போய்விடும். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்த பாட்டிகள் கண்காட்சிக்கு வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். மரம், ஆள், பின்னணி மூன்றையும் தனித்தனி அடுக்குக் குழுவாக வைத்திருந்தது அங்கே கைகொடுத்தது. பின்னணியை மட்டும் திருப்பி, மரத்தை இடம் மாற்றி, ஆளைப் புதிதாக வரைந்தேன். அடுத்ததாக, "மேலே ஒரு சூரியன் வைக்கலாமா" என்றார்கள். விடியுமுன்னே பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய், தலைவிளக்கோடு பால்மரம் சீவியவர்களின் படத்தில் சூரியனா? விளக்கொளியில் மஞ்சள், மற்றதெல்லாம் கருநீலம் என்று ஒரு மாதிரி காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள்.

மூன்று திருத்தம் வரை கட்டணத்திலேயே அடக்கம், அதற்கு மேல் தனி வெள்ளி (ரிங்கிட்) என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பாதித் தொகை முன்பணம். தெரிந்தவர்கள்தானே என்று விட்டால் கோயில் பேனருக்கு ஆறாவது தடவையாக முருகனின் வேலாயுதத்தை மாற்றிக்கொண்டிருப்போம்.

அச்சு விஷயத்தில் கிரித்தாவுக்கு நல்ல மதிப்பெண். கோப்பைத் தொடங்கும்போதே அச்சகத்தின் நாலு மைக்கான சிஎம்ஒய்கே வண்ணமுறையைத் தேர்ந்துகொள்ளலாம். ஏ3 தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3508க்கு 4961 பிக்சல். பத்தடி பேனரையும் 300இல் கேட்டு அடம்பிடிக்கிறவர்கள் உண்டு. தூரத்திலிருந்து பார்ப்பதற்கு 100 போதும், கணினியும் மூச்சு வாங்காது. டபிள்யூ விசையை அழுத்தினால் படம் நாலு பக்கமும் தானே தொடர்ந்து ஓடும். சேலைக் கரை, கோலம், அழைப்பிதழ் ஓரம் எல்லாவற்றுக்கும் அதுதான். இதற்காகவே நான் வேறு மென்பொருளுக்குப் போகவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

தமிழ் எழுத்துக்கு மட்டும் கிரித்தாவை நம்புவதில்லை. 5.2 பதிப்பில் எழுத்து அமைக்கும் பகுதியைத் திருத்தி எழுதிய பிறகு நிலைமை தேவலாம். ஆனாலும் பத்தி பத்தியாக எழுத்து வந்தால் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸுக்குப் போய்விடுவேன். அதுவும் இலவசம்தான். 1.6 பதிப்பில் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. எழுத்தை வெறும் கறுப்பு மையில் மட்டும் அச்சிட வேண்டும். படத்தோடு சேர்த்து ஒட்டிக் கொடுத்தால் நாலு மையும் கலந்த கறுப்பாகிவிடும். அச்சில் தகடு இம்மி விலகினாலும் ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் கண்ணுக்குப் படாத பிழை நம் எழுத்தில் பளிச்சென்று தெரியும். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள்.

சரி, வரைபுத்தகத்துக்கு வருவோம். இதில் கிளையண்ட் கிடையாது. கடையில் பசியாற உட்கார்ந்தால் எதிர்மேசை, ரோட்டோரம் நின்றால் செம்பனைக் குலை ஏற்றும் லாரி, நீளக் கழியின் நுனியில் அரிவாள் கட்டிக் குலை அறுக்கிறவர். கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் 1877இல் நட்டவற்றில் மிஞ்சிய ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் அதையும் ஒரு பக்கம் வரைந்து வருவேன். வேரோரம் மட்டும் வரைந்தாலே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

இதை ஏன் பலகையில் வரைவதில்லை என்றால், அழிக்கும் விசை கையெட்டும் தூரத்தில் இருந்தால் நான் பார்ப்பதைவிட அழிப்பதுதான் அதிகம். பேனாவில் போட்ட கோடு போட்டதுதான். அடுத்த கோட்டை அதற்கு ஏற்றபடி போட வேண்டும் என்பதால் ஆளை இன்னொரு முறை உற்றுப் பார்க்கிறேன். இந்தப் பக்கங்களிலிருந்துதான் கிளையண்ட் படத்துக்கான ஆட்கள் வருகிறார்கள். மங்கு தூக்கும் தோள், சைக்கிளில் வாளி சாய்ந்திருக்கும் விதம், இதெல்லாம் இணையத்தில் தேடினாலும் சரியாகக் கிடைப்பதில்லை. ஏஐ படத்தை மாதிரியாக அனுப்பும் கிளையண்டுகள் இப்போது கூடிவிட்டார்கள். ஒன்றில் ரப்பர் மரத்தில் இளநீர் காய்த்திருந்தது. புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்துக் கிரித்தாவில் அடி அடுக்காக வைத்து, வெளிர்நீலமாக்கி, மேலே வரைவேன். ரொம்பச் சுத்தமாக நகலெடுத்தால் ஆள் பொம்மையாகிவிடுவார், அதனால் பேனாக் கோட்டின் நடுக்கத்தை அப்படியே விட்டுவிடுவேன்.

காகிதத்துக்குப் பெரிய எதிரி நம் ஊர் ஈரப்பதம். மலிவுத் தாளில் மை பரவும், மூடி வைத்த புத்தகத்தில் புள்ளிப் புள்ளியாகப் பூஞ்சை வரும். சதுர மீட்டருக்கு 160 கிராமுக்குக் குறைந்த தாள் வாங்குவதில்லை. முடிந்த புத்தகங்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போடுகிறேன்.

திரைப்பலகை வாங்குவீர்களா என்றால், இந்தப் பலகை செத்த பிறகு யோசிப்பேன். புதிதாக வருகிறவர் கையில் ஆயிரம் வெள்ளி இருந்தால், திரையில்லாத பலகை ஒன்றை வாங்கிவிட்டு மிச்சத்தை யூபிஎஸ்ஸுக்கும் வெளி ஹார்ட் டிஸ்குக்கும் போடுங்கள். மென்பொருள் இரண்டும் இலவசம்தானே, அதனால் பலகை வாங்கும் முன்பே இறக்கி, மவுஸை வைத்தாவது ஒரு தமிழ் அழைப்பிதழைச் செய்து, பக்கத்து அச்சகத்தில் ஒரு தாள் அடித்துப் பாருங்கள்.