மாடிப்படியின் முதுகில் ஒரு படுக்கையறை

லண்டனில் எங்கள் கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், வீட்டு உதவிப்பணப் பிரிவுக்கு நான் கொடுப்பது ஐந்தில் ஒரு நட்சத்திரம். அதுவும் முழங்கால் வலியோடு போனவளுக்குத் தன் கதிரையை இழுத்துப் போட்ட வாசல் காவலாளிக்கு உரியது. உள்ளே இருப்பவர்கள் அதில் பங்கு கேட்கக் கூடாது.

எனக்கு வயது 56. பாடசாலைச் சமையலறை ஒன்றில் பகுதி நேர வேலை. வடமேற்கு லண்டனில் கவுன்சில் வீட்டில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். கணவர் 2017இல் காலமானார். வாடகை வாரம் 140 பவுண்ட்; அதில் பெரும்பகுதியை உதவிப்பணம்தான் கட்டிவந்தது. 2023 செப்டம்பரில் மகனுக்கு மான்செஸ்டரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஒளிக்காமல் அன்றே அறிவித்தேன். ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. இந்தப் பிரிவில் வேகமாக நடந்த ஒரே வேலை அதுதான். நானும் 17 வயது மகளும் இருக்கிறோம், இரண்டு படுக்கையறை போதும், வீட்டில் மூன்று இருக்கின்றன, ஆகவே வாடகையில் 14 சதவீதத்தை இனிக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்றார்கள். வாரம் 19 பவுண்ட் 60 பென்ஸ். எங்கள் இருவரின் ஒரு வார மரக்கறியும் மீனும் அதற்குள் அடங்கும்.

கூடுதல் படுக்கையறைக்கு உதவிப்பணத்தை வெட்டும் இந்தச் சட்டம் புதியதல்ல. 2012இல் நிறைவேற்றி 2013 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஓர் அறை கூடுதலானால் 14 சதவீதம், இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 25. 6,60,000 குடும்பங்கள் வாரம் சராசரியாக 14 பவுண்ட் இழக்கும் என்று அப்போது அரசே கணக்குக் காட்டியது. அந்த மார்ச் இறுதியில் பல நகரங்களில் மக்கள் ஊர்வலம் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் வீடு நிறைந்திருந்தது. ஆகையால் அது யாரோ மற்றவர்களின் பிரச்சினை என்று இருந்துவிட்டேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இனி சேவைக்கு வருகிறேன். தொலைபேசியில் 47 நிமிடம் இசை கேட்ட பிறகு ஒருவர் எடுத்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றேன். தந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஊரெல்லாம் 'படுக்கையறை வரி' என்று திட்டும் இந்த வெட்டுக்கு அரசு வைத்திருக்கும் பெயர் வேறு. அதை அந்தத் தம்பி அப்படியே தமிழாக்கினார்: "அம்மா, உங்களுக்கு வழங்கப்பட்ட உபரி அறை மானியம் நீக்கப்பட்டுள்ளது." எனக்கு அப்படி ஒரு மானியம் எப்போது தந்தார்கள் என்று கேட்டேன். அவர் அதை ஆங்கிலத்தில் கேட்டார். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அது பெயர் மட்டும்தான் அம்மா" என்றார் தம்பி. பாவம், அவர் என்ன செய்வார்.

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். மகன் படிப்பை முடித்து, வீட்டில் இருந்தபடியே ஒரு வருடம் வேலைக்குப் போனான். அப்போது, வளர்ந்த பிள்ளை வாடகையில் பங்கு தர வேண்டும் என்று அவன் சம்பளத்தைப் பார்த்து உதவிப்பணத்தில் வெட்டினார்கள். அவன் போனதும் அறை சும்மா கிடக்கிறது என்று வெட்டுகிறார்கள்.

சும்மா கிடக்கிறதாம். பழைய இங்கிலாந்து வீடுகளில் மேல்மாடி முன்பக்கத்தில் ஒரு சின்ன அறை இருக்குமே, அதுதான் இந்த மூன்றாவது படுக்கையறை. மகன் பெரிய அறையில் இருந்தான். மகள் என்னோடு படுத்தாள். ஏனென்றால் இந்தச் சின்ன அறைக்குள் ஒரு மூலையில் மாடிப்படியின் கூரை பெட்டிபோல் மேலெழுந்து நிற்கிறது. படியில் ஏறுகிறவரின் தலை இடிக்காமலிருக்கக் கட்டியது. மூன்றடி நீளம், இரண்டரையடி அகலம், இடுப்பளவு உயரம். இந்த வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமையே கணவர் அதன்மேல் சிவப்புத் துணி விரித்து நல்லூர் முருகனை வைத்தார். இப்போது முருகனுக்குப் பக்கத்தில் அவரும் படமாக இருக்கிறார். கட்டில் போடத்தான் இடமில்லை. சாமிக்கு அளவெடுத்துக் கட்டியதுபோல் இருக்கிறது.

இதை விளக்கி எழுதியதும் அக்டோபரில் ஓர் அதிகாரி வந்தார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன், மறுக்காமல் கழற்றினார். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். அளவு நாடா கொண்டுவரவில்லை. நானே மகளின் தையல் நாடாவைக் கொடுத்தேன். ஆறரையடிக்கு ஏழடி. பெட்டியையும் சேர்த்தே 50 சதுர அடி வரவில்லை. பெட்டிக்கு மேலே தச்சரைக் கொண்டு பலகை அடித்தால் ஒரு பிள்ளையைப் படுக்க வைக்கலாம் என்றார். எந்தப் பிள்ளையை என்று கேட்டேன். வாடகை ஒப்பந்தத்தில் மூன்று படுக்கையறை என்று போட்டிருக்கிறது, அதுதான் முடிவு என்று சொல்லிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

முடிவு அதுவல்ல. இதை எனக்குச் சொன்னது கவுன்சில் அல்ல, எங்கள் நூலகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் இலவச ஆலோசனைக்கு உட்காரும் ஒரு அம்மா. அவருக்கு ஐந்து நட்சத்திரம், ஒரு பெட்டி வடையும் கொடுத்தேன். வீட்டுக்காரர் தாளில் என்ன எழுதியிருந்தாலும் அதுவே இறுதியல்ல என்று உதவிப்பண வழக்குகளை விசாரிக்கும் மேல் தீர்ப்பாயம் 2014இலேயே சொல்லிவிட்டதாம். அறையின் அளவு, அமைப்பு, வெளிச்சம், காற்று, உள்ளே போய்வரும் வழி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 50 சதுர அடிக்குக் குறைந்தால் தானாகவே விலக்கு என்று சட்டம் இல்லை; ஆனால் அளவைப் புறக்கணிக்கவும் முடியாது. கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிட வேண்டும். எனக்கு நாலு நாள்தான் மீதியிருந்தது. நாடாவைப் பிடித்தபடி மகள் எடுத்த பதினொரு படங்களோடு மேன்முறையீட்டை அனுப்பினோம்.

சின்ன வீட்டுக்கு மாறினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. என் சொந்த அண்ணனே கேட்டார். பார்த்தேன். இரண்டு படுக்கையறை வீடுகளுக்குத்தான் நெரிசல். லாப நோக்கில்லாமல் வீடு வாடகைக்கு விடும் வீட்டுச் சங்கம் ஒன்றின் புதுக் கட்டடத்தில் ஒன்று காட்டினார்கள். அது 2011இல் வந்த 'கட்டுப்படியாகும் வாடகை' முறையில் கட்டியது. சந்தை வாடகையில் 80 சதவீதம்வரை கேட்கலாம். வாரம் 198 பவுண்ட். நான் அங்கே போனால் அரசுதான் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். பணத்தை மிச்சப்படுத்தத்தான் இந்த வெட்டு என்றார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தவர் யாரென்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாவுக்கு 79 வயது, மூன்று அறையில் தனியாக இருக்கிறார். ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வெட்டு இல்லை. நல்லது, அவர் நன்றாக இருக்கட்டும். எனக்கு அந்த வயது வர இன்னும் பதினொரு ஆண்டு இருக்கிறது. கிளாஸ்கோவிலிருக்கும் மச்சாளுக்கும் என்னைப்போல் ஓர் அறை கூடுதல். அங்கே வெட்டுவதை ஸ்கொட்லாந்து அரசின் பணத்தில் கவுன்சிலே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. "உனக்கு அங்கே தருவதில்லையா?" என்று அவள் அப்பாவியாகக் கேட்டபோது தொலைபேசியை வைத்துவிடலாம் போலிருந்தது.

இங்கேயும் கவுன்சில் தன் விருப்பப்படி தரக்கூடிய ஒரு கூடுதல் உதவி உண்டு. படிவம் பதினான்கு பக்கம். வாரத்துக்கு மீனுக்கு எவ்வளவு, முடிவெட்ட எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். திவசத்துக்கு ஆன செலவை 'பொழுதுபோக்கு' என்ற கட்டத்தில் போடச் சொன்னார் முகப்பில் இருந்த பெண். நான் போடவில்லை; 'மற்றவை' என்பதில் போட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற சோமாலியப் பெண்மணி, தான் மூன்றாவது தடவையாக இதே படிவத்தை நிரப்புவதாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற ஐரிஷ்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது: வாரம் 12 பவுண்ட், பதின்மூன்று வாரத்துக்கு மட்டும். மீதி 7 பவுண்ட் 60க்காகச் சனிக்கிழமை காலையிலும் துப்புரவு வேலைக்குப் போகிறேன்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடிதத்தின் உறையையும் எறியாதீர்கள், அஞ்சல் முத்திரைத் தேதி உதவும். காலை ஒன்பதுக்கு முன் போனால்தான் வரிசை டிக்கெட் கிடைக்கும். அதிகாரி வீட்டுக்கு வருகிற நாளில் அளவு நாடாவை நீங்களே எடுத்து வையுங்கள்.

என் பதின்மூன்று வாரம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப் படிவம் மேசையில் இருக்கிறது. 'செலவைக் குறைக்க என்ன முயற்சி எடுத்தீர்கள்?' என்பது ஆறாம் பக்கக் கேள்வி. விளக்குக்கு நல்லெண்ணெய் ஊற்றுவதை வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என்று குறைத்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறேன். தீர்ப்பாயத்திலிருந்து இன்னும் தேதி வரவில்லை.