ஹாப்பரில் பொருத்தும் நியோடிமியம் காந்தச் சட்டம்: ஒரு மதிப்பீடு

பழைய பிளாஸ்டிக்கை அரைத்து மறுசுழற்சி செய்யும் எங்கள் பட்டறையில், பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் இயந்திரமான எக்ஸ்ட்ரூடரின் ஹாப்பருக்குள், அதாவது அரைத்த பிளாஸ்டிக்கைக் கொட்டும் புனல் போன்ற தொட்டிக்குள், இரும்புத் துண்டுகளைப் பிடிக்க இந்தக் காந்தச் சட்டத்தைப் பொருத்தியிருக்கிறோம். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களுக்குள் நியோடிமியம் என்ற உலோகம் கலந்த வலுவான காந்தங்கள் அடுக்கப்பட்டுள்ளன. குழாயின் மேற்பரப்பில் 12,000 காஸ் (காந்தப்புல வலிமையின் அலகு) என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. முன்பிருந்த, வலு குறைந்த ஃபெரைட் காந்தத் தட்டு ஆணி, திருகு போன்ற பெரிய துண்டுகளையே பிடித்தது. இதிலோ ஸ்டேப்ளர் ஊசியின் முறிந்த நுனிகளும், அரவை பிளேடு தேய்ந்து உதிரும் இரும்புத் தூளும்கூட முள்முள்ளாகச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டி நிற்கின்றன. வடிகட்டி வலை அடிக்கடி கிழிந்து, அதை மாற்றுவதற்காக ஓட்டத்தை நிறுத்த வேண்டியிருந்த நிலை இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது, இதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

ஒட்டிய தூளைத் துணியால் வழித்தெடுப்பது சிரமமான வேலை என்பதால், சற்று விலை கூடினாலும், உறையிலிருந்து காந்தத்தை உருவியவுடன் தூள் தானாகவே உதிர்ந்துவிடும் வகையையே வாங்குங்கள். உருவும்போது விரல்கள் இரு குழாய்களுக்கிடையே நசுங்காமல் கவனம் தேவை; இதயமுடுக்கி பொருத்தியவர்கள் அருகில் வரவே கூடாது. அலுமினியம், செம்பு ஆகியவற்றை இது பிடிக்காது; அவற்றைப் பிரிக்க, மாறும் காந்தப்புலத்தால் அவற்றைத் தள்ளிவிடும் சுழல்மின்னோட்டப் பிரிப்பான் தனியே வேண்டும். சாதாரண நியோடிமியம் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கத் தொடங்குவதால், சூடான உலர்த்திக்கு அருகில் பொருத்துவோர் உயர்வெப்ப வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.