‘இதை மட்டும் படித்தால் போதும்’ என்று ஆங்கில மெட்டீரியல் விற்கிறார்கள்: பத்தாம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு

அரையாண்டுத் தேர்வில் என் மகள் ஆங்கிலத்தில் 41 வாங்கி வந்தாள். மற்ற பாடமெல்லாம் எழுபதுக்கு மேல். அந்தப் பதற்றத்தில் இருந்தபோதுதான் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. வொகாபுலரி, கிராமர், காம்ப்ரிஹென்ஷன் மூன்றும் ஒரே பிடிஎஃப்பில். கூடவே ‘பப்ளிக்கில் வரப்போகும் 25 பத்திகள், விடையுடன்’. விலை 1,499, இன்று மட்டும் 799.

கூப்பிட்டுப் பேசினேன். “மேடம், போன வருஷம் எங்க மெட்டீரியல்ல இருந்து அப்படியே வந்துச்சு. பொண்ணை இதை மட்டும் மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க” என்றார். மாதிரிக்கு ரெண்டு பக்கம் அனுப்பச் சொன்னால், “காப்பி அடிச்சிடுறாங்க மேடம்” என்று பதில். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஜிபேயில் பணம் போட்டேன். நிறுவனத்தின் பெயருக்குப் பதில் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. அப்போதாவது விழித்திருக்கலாம்.

வந்தது 212 பக்கம். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட், ஸ்பைரல் எல்லாம் சேர்த்து இன்னொரு ஐந்நூறு போனது. முதல் பாதியில் பேப்பர் ஒன், அடுத்த பாதியில் பேப்பர் டூ. எனக்கு எதுவும் உறுத்தவில்லை. நான் பத்தாவது எழுதியபோது ஆங்கிலம் இரண்டு தாள்தானே! மகள்தான் கேட்டாள்: “அம்மா, எங்களுக்கு ஒரே பேப்பர்தானே?” தமிழக அரசு 2019-20லேயே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. பாடப்புத்தகமும் அந்த வருடமே மாறியது. ஆக, எனக்கு விற்கப்பட்டது யாரோ எப்போதோ போட்ட பழைய கைடு. அட்டை மட்டும் புதுசு.

சரி, கிராமராவது மாறாதே என்று அவள் ஒரு வாரம் அதையே உருப்போட்டாள். பிழை திருத்தும் கேள்விக்கு ஐந்து மதிப்பெண். அந்தப் பகுதியில் ‘சரியான விடை’ என்று இருந்தது: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் லிவ் இன் மதுரை’. ‘லிவ்ஸ்’ என்று வரவேண்டும். இன்னொரு பக்கத்தில் ‘நோ சூனர்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் ‘தேன்’ (than) இருக்க வேண்டிய இடத்தில் ‘வென்’ (when). பள்ளியில் அவளுடைய டீச்சர் சிவப்பு மையில் சுழித்து அனுப்பிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

வொகாபுலரி இன்னும் மோசம். அகர வரிசையில் வார்த்தை, எதிரே ஒரே ஒரு தமிழ் அர்த்தம், அவ்வளவுதான். தேர்விலோ சினானிம் (ஒத்த பொருள்), ஆன்டனிம் (எதிர்ப்பொருள்) கேள்விகள் முழு வாக்கியத்தைக் கொடுத்து, அதில் ஒரு சொல்லுக்கு அடிக்கோடிட்டுக் கேட்பவை. ‘கிரேவ்’ என்றால் கல்லறை என்று போட்டிருந்தார்கள். ‘ஹிஸ் ஃபேஸ் வாஸ் கிரேவ்’ என்று நான் சொல்லிப் பார்த்தேன்; இதில் அந்தச் சொல்லுக்கு ‘இறுக்கமான’ என்று பொருள். “அவன் முகம் கல்லறையா இருந்துச்சு” என்றாள். சிரித்துவிட்டேன். அப்புறம் வயிறு எரிந்தது.

அந்த 25 பத்திகளுக்கு வருகிறேன். எட்டு மதிப்பெண் பகுதியில் வரும் பத்தி, பிள்ளைகள் முன்பே பார்த்திராததாகத்தான் இருக்கும். அதற்குப் போய் ‘வரப்போகும் பத்தி’ என்று விற்பதே பித்தலாட்டம். இதை அவர்களிடம் கேட்டேன். நீல டிக் விழுந்தது, அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

இப்போது டீச்சர் சொன்னபடி, தினமும் ஒரு பாடத்தின் பின்பக்கப் பயிற்சியும் பழைய வினாத்தாளில் ஒரு பத்தியும் போடுகிறாள். பாடப்புத்தகம் பாடநூல் கழகத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அந்த 212 தாளும் ஒரு பக்க பிரிண்ட் என்பதால் பின்பக்கம் காலி. ரஃப் நோட்டாக ஓடுகிறது.

நேற்று வேறொரு எண்ணிலிருந்து குழுவில் ஒரு செய்தி: ‘கடைசி ரிவிஷன் மெட்டீரியல், இன்று மட்டும் 499’. டிபி மட்டும் மாறவில்லை.