நின்று நின்று போகும் ஸ்கூட்டர்: கார்புரேட்டரைக் கழுவுவதா, புதுசு மாட்டுவதா?

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் போவதற்குள் நாலு தடவை ஆஃப் ஆகும் எங்கள் வீட்டுப் பழைய ஸ்கூட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை ஒரு மெக்கானிக் கழுவச் சொன்னார், இன்னொருவர் மாற்றச் சொன்னார்.

இரண்டுக்கும் முன்னால் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். நம்ம ஊர்ச் செம்மண் புழுதி அதை அடைத்துவிடும். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். டேங்க் மூடியைத் திறந்ததும் வண்டி ஓடினால், மூடியின் காற்றுத் துளைதான் அடைப்பு, செலவே இல்லை.

சோக் போட்டால் ஓடி, ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதபோது) அணைந்தால் பெரும்பாலும் பைலட் ஜெட் அடைப்பு, அதாவது அப்போது பெட்ரோல் விடும் கார்புரேட்டரின் சிறு துளைக் குழாய் அடைப்பு.

செலவு: கழுவ கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயும் கூலியும் போதும். புதுசுக்குப் பல மடங்கு.

எத்தனை நாள் உழைக்கும்: வெறும் அடைப்பென்றால் கழுவியதே நெடுநாள் ஓடும். கார்புரேட்டருக்குள் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தேய்ந்து காற்று கசிந்தால் எத்தனை முறை கழுவியும் பயனில்லை.

சிரமம்: ஜெட்டின் துளை மிக நுண்ணியது. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெருத்தால் பெட்ரோல் குடிக்கும். ஸ்பிரே அடித்துக் காற்றால் ஊதுங்கள். புதுசு மாட்டுவது எளிது, ஆனால் அதே மாடலுக்கானதா என்று பாருங்கள். மலிவுப் போலியை மாட்டினால் டியூனிங்குக்கே அலைய வேண்டும்.

மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிக்குக் கழுவுவதே சரி. இரண்டு முறை கழுவியும் அணைகிறதா, த்ராட்டில் ஆடுகிறதா? புதுசு வாங்குங்கள். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிந்தைய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் கார்புரேட்டரே கிடையாது, இந்தக் கணக்கு அவற்றுக்கு ஒத்துவராது.