இருவருக்கும் லீவு இல்லாதபோது விவாகரத்துப் பேச்சு: எந்த வழி உகந்தது?

மனைவி திருகோணமலையில் தாதி. இரவுக் கடமை மாறி மாறி வரும். கணவர் கட்டாரில், வருடத்துக்கு ஒரு தடவைதான் லீவு. பிரிவதென்று தீர்மானித்துவிட்ட இப்படியான இருவர் எங்கே பேசுவது?

இலங்கையின் பொதுச் சட்டப்படி மணமுடித்தவர்களுக்கு விவாகரத்துத் தருவது மாவட்ட நீதிமன்றம் மட்டுமே. (முஸ்லிம் திருமணங்களுக்குக் காதி நீதிமன்றம்.) இருவரும் சம்மதித்தாலும், சோரம் (மணத்துக்கு வெளியே உறவு), வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லுதல் போன்ற சட்டம் ஏற்ற காரணமொன்றை நிரூபிக்க வேண்டும். முதல் தீர்ப்பாணை வந்த பின்னும், அது இறுதியாக்கப்படக் குறைந்தது 3 மாதம் காத்திருக்க வேண்டும். எந்த மத்தியஸ்தராலும் இதைத் தவிர்க்க முடியாது. ஆனால் பிள்ளைகள், தாபரிப்பு (பராமரிப்புப் பணம்), வீடு ஆகியவற்றை முன்கூட்டியே பேசி முடித்தால் வழக்கில் சண்டைக்கு அதிகம் மிஞ்சாது.

பேசாமலே வழக்குக்குப் போனால் ஒவ்வொரு விடயத்துக்கும் தவணை விழும். கட்டாரிலிருந்து தவணைக்குத் தவணை யார் வருவது?

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை இலவசமானது. பெரும்பாலும் வார இறுதியில் கூடும். கொடுக்கல் வாங்கல், அயல்வீட்டுத் தகராறுகளுக்கு அது அருமையான இடம். ஆனால் நேரில் போக வேண்டும். சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. ஊரார் முன் உட்காரும் கூச்சமும் உண்டு.

குடும்பப் பெரியவர்களா? மாமாவும் சித்தப்பாவும் அன்போடுதான் வருவார்கள். ஆனால் பக்கம் சாராமல் இருப்பது அவர்களுக்கு மிகக் கடினம். பேச்சு நகைக் கணக்கில் தொடங்கி பழைய மனக்கசப்பில் போய் நிற்கும்.

என் தெரிவு, பயிற்சி பெற்ற தனியார் மத்தியஸ்தரோடு காணொளியில் ஒரு மணி நேர அமர்வுகள். பணம் செலவாகும், அதை மறைக்க மாட்டேன். கட்டாரில் இரவு 8 மணி என்றால் இங்கே 10.30, பகல் கடமை முடித்து, பிள்ளை உறங்கிய பிறகு தாயால் நிதானமாகப் பேச முடியும். கணவர் லீவில் வரும்போது ஓர் அமர்வையாவது நேரில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு யாருக்கு என்ற பேச்சைத் திரையில் முடிக்க வேண்டாம். வீட்டில் அடி உதையோ மிரட்டலோ இருந்தால் எந்த மத்தியஸ்தமும் வேண்டாம். நேரே சட்டத்தரணியிடம் போங்கள்.

முதல் அமர்வுக்கு இரண்டு தாள்கள் போதும்: தாயின் கடமை அட்டவணை, பிள்ளையின் பாடசாலைத் தவணைத் திகதிகள். அவற்றை அருகருகே வைத்து, அப்பாவின் லீவு நாட்களைப் பென்சிலால் குறியுங்கள். "மாதம் இரண்டு வார இறுதி அப்பாவோடு" என்ற வழமையான வாசகம் இந்தக் குடும்பத்துக்குப் பயன்படாது. "ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று வாரம், மற்ற நாட்களில் வெள்ளி மாலை காணொளி அழைப்பு" என்று எழுதலாம். இருவரும் கையெழுத்திட்ட அந்தத் தாளையே சட்டத்தரணியிடம் கொடுங்கள்.