ஏற்காடு மழையில் சைக்கிள்: ஏறும்போது எது, இறங்கும்போது எது?

ஏற்காடு மலைப்பாதையில் மழைக்காலத்தில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ரெயின்கோட் வாங்கலாம்?" என்பதுதான். ரெயின்கோட்டைப் பற்றிக் கடைசியில் யோசித்தால் போதும் என்பது என் எண்ணம். அதற்கு உள்ளே என்ன போடுகிறீர்கள், மேலே போய்ச் சேர்ந்ததும் எதைக் கழற்றி எதை மாட்டுகிறீர்கள் என்பதுதான் அன்றைய பயணம் நன்றாக அமைவதைத் தீர்மானிக்கிறது. அதற்குக் காரணம் இந்த மலையின் அமைப்பு.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் மிதிக்க ஆரம்பித்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஒரே ஏற்றம்தான். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. கீழே 22 டிகிரி இருந்தால் மேலே 14, 15 இருக்கும். உலர்ந்த உடம்புக்கு இது இதமான குளிர். ஆனால் தண்ணீர், காற்றைப்போல ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். நனைந்த பனியனோடு 35, 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் அதே 15 டிகிரி பல்லைக் கிட்ட வைத்துவிடும்.

இன்னொன்று. ஏறும்போது தசைகள் எரிக்கிற சக்தியில் கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கும் சூடாக மாறி உடம்பைக் கொதிக்க வைக்கிறது. இறங்கும்போது மிதிக்கவே தேவையில்லை, அதனால் அந்த அடுப்பு அணைந்துவிடுகிறது. எனவே ஒவ்வொரு துணிக்கும் இரண்டு மதிப்பெண் போட வேண்டும்: ஏற்றத்தில் எப்படி, இறக்கத்தில் எப்படி. சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு எழுதிய அறிவுரைகள் நம் மலைக்கு அப்படியே பொருந்தாததற்கும் இதுதான் காரணம்.

உடம்பை ஒட்டிய துணி: பருத்தி, பாலியஸ்டர், கம்பளி

இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும், செலவும் இங்கேதான் குறைவு.

பருத்தி பனியன் நம் ஊர் வெயிலுக்கு அருமையான துணி. வியர்வையை உறிஞ்சும், காற்றில் குளிர்ச்சி தரும். அந்த நல்ல குணமே மழையில் எதிரியாகிறது. உறிஞ்சிய தண்ணீரை நூலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, முதுகோடு ஒட்டிக்கொண்டு, உடம்புச் சூட்டைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும். ஏற்றத்தில் இது தெரியாது. கொஞ்ச நேரம் சுகமாகக்கூட இருக்கும். இறக்கத்தில் மூன்றாவது வளைவிலேயே தெரிந்துவிடும்.

பாலியஸ்டர் இதற்கு நேர் எதிர். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. நனையத்தான் செய்யும், ஆனால் தண்ணீர் நூல்களுக்கு இடையில்தான் நிற்கும், நூலுக்குள் போகாது. பிழிந்து உதறிப் போட்டால் பாதி வேலை முடிந்தது. நடைப்பயிற்சிக்கும் கபடிக்கும் போடுகிற மெல்லிய 'டிரை ஃபிட்' டி-சர்ட்டே போதும். திருப்பூர் பக்கத்திலேயே இருக்கும்போது இதற்குத் தேடி அலைய வேண்டியதில்லை. குறை என்றால் வியர்வை வாடை. ஒரு நாள் ஓட்டத்துக்கே துவைக்கப் போட்டுவிட வேண்டும்.

கம்பளி என்றதும் நமக்குக் கனமான, அரிக்கிற துணிதான் நினைவுக்கு வரும். மெரினோ செம்மறியாட்டின் மெல்லிய கம்பளியில் நெய்த உள்ளாடை வேறு ரகம், தோலில் அரிப்பதில்லை. கம்பளி பருத்தியைவிட அதிகமாக, சுமார் 16 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். ஆனாலும் உடம்புக்குச் சில்லென்று படாது. ஈரம் இழையின் உட்புறத்துக்குப் போய்விடுகிறது, வெளித்தோல் தண்ணீரை விலக்குகிறது, ஈரத்தை உறிஞ்சும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியிடுகிறது. இந்த மூன்றில் நனைந்த நிலையிலும் அதிக இதமாக இருப்பது இதுதான். வாடையும் சீக்கிரம் பிடிக்காது. ஆனால் விலை அதிகம், உலரவும் நேரமாகும். மேலே ஒரு ராத்திரி தங்கி மறுநாள் இறங்குகிறவர்களுக்கு நல்ல முதலீடு. காலையில் ஏறி மதியம் இறங்குகிறவர்களுக்கு பாலியஸ்டரே போதும்.

நம் தாத்தாக்கள் போட்ட வலை பனியனையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நார்வே ராணுவத்தில் 1933 வாக்கில் மீன்வலையிலிருந்து இதே மாதிரி உள்ளாடையை உருவாக்கினார்கள். அந்த ஓட்டைகளில் காற்று தங்கும், வெளிச்சட்டையின் ஈரம் தோலில் நேராகப் படாது. மேலே காற்று புகாத ஒரு சட்டை இருந்தால், துணி குறைவான இந்தப் பனியன் கெட்டித் துணியைவிடக் கதகதப்பாக இருக்கும். பருத்தி வலையே பருத்தி பனியனைவிடப் பல மடங்கு மேல்; செயற்கை நூலில் பின்னிய வலை கிடைத்தால் இன்னும் நல்லது.

கடைகளில் 'தெர்மல்' என்று விற்பதை வாங்கும்போது காலர் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். நிறைய தெர்மல்களில் பாதிக்கு மேல் பருத்திதான். படுத்துத் தூங்க அது அருமை. மலை ஏறுவதற்கு அது வேண்டாம்.

நடுவில் ஒன்று தேவையா?

ஏற்றத்தில் தேவையே இல்லை. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் ஏற்காட்டில் 13 டிகிரியை ஒட்டி இறங்கினாலும், ஏறுகிற உடம்புக்கு உள்சட்டை ஒன்றே போதும். அடிவாரத்தில் புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் ஒன்று அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இறக்கத்துக்கு, வீட்டில் இருக்கும் ஸ்வெட்டருக்கும் ஃப்ளீஸ் சட்டைக்கும் போட்டி. கையால் பின்னிய ஸ்வெட்டரில் இடைவெளி அதிகம், காற்று நேராக உள்ளே போகும். மேலே விண்ட்சீட்டர் போட்டால் சரியாகிவிடும், ஆனால் பையில் இடத்தை அடைக்கும், நனைந்தால் கல்போல் கனக்கும். ஃப்ளீஸ் என்பது பாலியஸ்டரையே பஞ்சு பஞ்சாகக் கிளப்பிவிட்டது. எடை குறைவு, உதறினால் தண்ணீர் போய்விடும். நான் ஃப்ளீஸ் பக்கம். இரண்டும் இல்லையா? செய்தித்தாள் இருக்கிறதே. ஐரோப்பிய மலைப் பந்தயங்களில் வீரர்கள் உச்சியில் நிற்கும் ரசிகர்களிடம் பேப்பரை வாங்கி மார்புக்குள் செருகிக்கொண்டு இறங்குவது நீண்ட காலப் பழக்கம். ஏரிக்கரை டீக்கடையில் முந்தின நாள் பேப்பர் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். நான்கைந்து தாளாக மடித்து, சட்டைக்கும் விண்ட்சீட்டருக்கும் நடுவில், நெஞ்சிலிருந்து வயிறு வரை வைத்தால் கீழே வரும்வரை காற்று உறைக்காது.

வெளிச்சட்டை: இங்கேதான் கருத்து வேறுபாடு

பைக் ஓட்டுகிறவர்கள் போடுகிற பிவிசி ரெயின்கோட் ஒரு சொட்டு மழையை உள்ளே விடாது. ஒரு சொட்டு வியர்வையை வெளியேயும் விடாது. இதைப் போட்டுக்கொண்டு ஏறுகிறவர் பத்தாவது வளைவில் நின்று கையைத் தொங்கப்போட்டால், மணிக்கட்டு எலாஸ்டிக்கில் தேங்கிய வியர்வை விரல் வழியாகச் சொட்டும். கோட்டைத் திறந்து பார்த்தால் உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர். மழைக்குப் பயந்து போட்டதற்குள்ளேயே முழுதாக நனைந்தாயிற்று. ஏற்றத்துக்கு இது பூஜ்யம்.

ஆனால் இறக்கத்தில் இதே கோட்டுக்கு நான் நல்ல மதிப்பெண் போடுவேன். அப்போது வியர்வையே இல்லை. மழையும் காற்றும்தான் பிரச்சினை, இரண்டையும் முழுதாகத் தடுக்கும். சில நூறு ரூபாய்க்கு இதைவிட நல்ல இறக்கச் சட்டை கிடைக்காது. உடம்போடு ஒட்டின அளவு வாங்குங்கள். தொளதொளவென்று இருந்தால் காற்றில் பலூன்போல உப்பி, வளைவில் சைக்கிளை இழுக்கும். கறுப்பும் கரும்பச்சையும் வேண்டவே வேண்டாம். மூடுபனியில் எதிரே வரும் பஸ் டிரைவர் கண்ணில் மஞ்சளோ ஆரஞ்சோதான் படும்.

மூச்சு விடும் சவ்வு வைத்த ஜாக்கெட் எல்லாருடைய கனவு. கோர்-டெக்ஸ் வகைத் துணிகளில் தண்ணீர்த் துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் வெளியேறக்கூடிய நுண்துளைகள் இருக்கும். லேபிளில் 10,000 என்று போட்டிருந்தால், 10,000 மில்லிமீட்டர், அதாவது 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தையும் அது தாங்கும் என்று பொருள். தண்ணீரைத் தடுப்பதில் குறை சொல்ல முடியாது. மூச்சு விடுவதில்தான் நம் ஊர் நிலவரம் வேறு. உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி வெளியே தள்ளப்படும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மழை பெய்யும்போது மேகமே சாலையில் படுத்திருக்கும்; கீழ்ப் பாதி வளைவுகளில் இருபது டிகிரிக்கு மேல் வெப்பம், காற்று முழுக்க ஈரம். ஆவி எங்கே போகும்? குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில் அந்த ஜாக்கெட் செய்கிற வேலையில் பாதிகூட இங்கே நடக்காது. அதனால் சவ்வின் எண்ணைப் பார்த்து விலை கொடுப்பதைவிட, அக்குளில் ஜிப் இருக்கிறதா, முன் ஜிப் மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கிறதா, முதுகில் காற்றுவழி இருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்டேட் பக்கம் மழையில் வேலை செய்கிறவர்களைக் கவனித்தால் இது புரியும். சாக்கையோ பிளாஸ்டிக் ஷீட்டையோ கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டிருப்பார்கள். தலை, தோள், முதுகு மூடியிருக்கும், முன்பக்கம் திறந்திருக்கும். உழைக்கிற உடம்பின் சூடு வெளியேற வழி விட்டுத்தான் மழையைத் தடுக்கிறார்கள்.

தலைவழியாக மாட்டி உடம்பைச் சுற்றித் தொங்கவிடும் போஞ்சோவும் அதே மாதிரிதான். சேலம் ஊருக்குள், ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை மெதுவாகப் போக அது வசதி. மலைப்பாதையில் கூடாது. இறக்கத்தில் காற்று அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும், நுனி சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாக, மெல்லிய நைலான் விண்ட்சீட்டர். கனமழையில் அரை மணி நேரத்தில் நனைந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் நனைந்த பிறகும் காற்றைத் தடுக்கும், கைக்குள் அடங்கும், தூறல் விட்டதும் ஓட்டத்திலேயே உலர்ந்துவிடும். ஏறும்போது தூறல் என்றால் இதைப் போட்டு ஜிப்பை நெஞ்சுவரை இறக்கிவிட்டால் போதும். கனமழை என்றால் நனையட்டும் என்று விட்டுவிடுங்கள். ஏறுகிற உடம்புக்கு நனைவது தொல்லையில்லை, நனைந்த துணியோடு இறங்குவதுதான் தொல்லை.

அதனால் என் தேர்வு இது: ஏற்றத்துக்கு பாலியஸ்டர் டி-சர்ட், கூட ஒரு விண்ட்சீட்டர். முதுகுப் பையில், வாய் முறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் கவருக்குள், உலர்ந்த பனியன் ஒன்று, ஒரு சின்னத் துண்டு, இறங்குவதற்கு பிவிசி கோட். மேலே போனதும் டீ சொல்வதற்கு முன்னால் ஈரச் சட்டையைக் கழற்றி, துடைத்து, உலர்ந்ததைப் போட வேண்டும். அந்தக் கவரில் இருக்கும் பனியன், உலராத பனியனுக்கு மேல் போட்ட பல ஆயிரம் ரூபாய் ஜாக்கெட்டைத் தோற்கடிக்கும். சவ்வு ஜாக்கெட் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே விதிதான். கோட்டுக்கு அடுத்து பின்சக்கரத்துக்கு ஒரு மட்கார்ட். வானத்திலிருந்து வரும் தண்ணீரைவிட டயர் வாரியிறைப்பதுதான் முதுகை அதிகம் நனைக்கும்.

கால், தலை, கை

முட்டியை மூடுங்கள். கால் சராய் பாலியஸ்டர் கலந்த இறுக்கமான வகையாக இருந்தால் நல்லது; ஜீன்ஸ் என்பது கெட்டிப் பருத்தி, சொல்லவே வேண்டாம். ஷூ எப்படியும் நனையும், சாக்ஸுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டி ஷூ போட்டால் இறக்கத்தில் விரல்கள் பிழைக்கும். ஹெல்மெட் மேல் குளிக்கும்போது போடுகிற ஷவர் கேப் போதும். மங்கி கேப் வேண்டாம், காது அடைத்துப் பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்காது.

கைதான் எல்லாவற்றிலும் முக்கியம், ஏனென்றால் பிரேக் அங்கே இருக்கிறது. நனைந்த ரிம்மை பிரேக் கட்டை பிடிக்க நேரமாகும். அதோடு விரலும் மரத்துப்போனால் வளைவு நம் கையில் இல்லை. அரைவிரல் க்ளவுஸ் ஏற்றத்துக்குச் சரி. இறக்கத்துக்கு முழுவிரல் வேண்டும். கம்பளி க்ளவுஸ் மட்டும் போட்டால் காற்று உள்ளே போகும். மருந்துக் கடையில் கிடைக்கும் மெல்லிய நைட்ரைல் கையுறையை முதலில் மாட்டி, அதன்மேல் கம்பளியோ துணியோ போட்டால் விலையுயர்ந்த சைக்கிள் க்ளவுஸுக்கு நிகராக நிற்கும். வெயிலுக்கு பைக்காரர்கள் போடும் ரோட்டோரக் கைச்சட்டை இருந்தால், உலர்ந்ததாக ஒன்றை முழங்கை தாண்டி ஏற்றிக்கொள்ளுங்கள்.

இறங்கத் தொடங்கும் முன்பும், வழியில் நிற்கும் ஒவ்வொரு முறையும், க்ளவுஸைக் கழற்றி கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால் அன்றைக்கு எந்தத் துணியும் போதவில்லை என்று பொருள். சைக்கிளை ஓரமாக நிறுத்தி, கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு, சூடாக ஏதாவது குடித்துவிட்டு, விரல் வசத்துக்கு வந்த பிறகு இறங்குங்கள். வரவில்லையா, ஒரு மினி டெம்போவை நிறுத்திக் கேளுங்கள்.